காலை நடையா, தூக்க நேரமா?

மனம் சோர்ந்திருக்கும்போது முதலில் எதைச் சரிசெய்வது, தினசரி நடையையா, தூக்கத்தையா? இரண்டுமே உதவும். பலன் தெரியும் வேகம்தான் வேறு.

நடையின் பலன் அன்றே கொஞ்சம் தெரியும். பத்து நிமிடம் வேகமாக நடந்தாலே உடம்பின் இறுக்கம் தளரும், ஒரே கவலையைச் சுற்றிவரும் எண்ணமும் சற்று விலகும். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிக்கல் என்னவென்றால், சோர்வு முற்றிய நாளில் செருப்பை மாட்டுவதே மலையாகத் தெரியும்.

தூக்கம் மெதுவாகத்தான் கைகொடுக்கும். பலர் படுக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தப் பார்த்து, தூக்கம் வராமல் புரண்டு, இன்னும் பதற்றமாகிறார்கள். என்னைக் கேட்டால், எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், விடுமுறை நாளிலும். எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்சம் நின்றால் உடலின் கடிகாரம் சீராகும். பிற்பகலுக்கு மேல் காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் காஃபினில் சுமார் பாதி உடம்பில்தான் இருக்கும்.

இரவெல்லாம் விழித்திருப்பவர் தூக்கத்தில் தொடங்கட்டும். மற்றவர்களுக்கு என் ஓட்டு காலை நடைக்குத்தான், வெளிச்சமும் சேர்ந்தே கிடைக்கிறது. அப்புறம், சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.