விளக்குப் போட்ட டைட்டானிக்: இரண்டு வருடம் எரிந்த பிறகு

பள்ளியில் படிக்கும்போது பிளாஸ்டிக் பாகங்களைச் சேர்த்து விமான மாடல் கிட் ஒட்டித் திரிந்தவர்களில் பெரும்பாலோர், வேலை, கல்யாணம், வீட்டுக்கடன் என்று ஆனதும் அந்தப் பக்கமே போவதில்லை. நானும் அந்தக் கூட்டம்தான். திரும்பி வந்தபோது நேராக 1/400 அளவு டைட்டானிக் கப்பல் மாடலில் கைவைத்தேன். அசல் கப்பல் 269 மீட்டர் என்பதால் இந்த அளவில் 67 சென்டிமீட்டர் வரும். அலமாரியில் ஒரு தட்டு அதற்கே போய்விடும். உள்ளே விளக்கு எரிந்தே ஆகவேண்டும் என்பதும் அப்போதே முடிவானது. கப்பல் முடிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அநேகமாக எல்லாச் சாயங்காலமும் எரிகிறது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று சொல்ல இப்போது கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது.

முதலில் பசை. அந்தக் காலத்து டியூப் பசை நூல் நூலாக இழுக்கும், விமானக் கண்ணாடியில் நம் கைரேகையைப் பதித்துவிடும். இப்போது கிடைக்கும் தமியா கம்பெனியின் எக்ஸ்ட்ரா தின் பசை தண்ணீர் மாதிரி ஓடுகிறது. இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும். தானே உள்ளே ஓடி பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும். ஒட்டுவதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

விளக்கு வேலையில் முக்கால்வாசி, வெளிச்சத்தை அடைக்கிற வேலை. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கிட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் சுவர் மெல்லியது. உள்ளே ஒரு எல்இடியை ஏற்றினால் ஜன்னல் மட்டுமா ஒளிரும், சுவரே ஒளிரும். இரும்புக் கப்பல் என்கிற மாயை அங்கேயே முடிந்தது. அதனால் உட்புறம் முழுக்கக் கறுப்பு அடித்து, காய்ந்தபின் மேலே வெள்ளை அடித்தேன். கறுப்பு வெளிச்சத்தை நிறுத்தும். வெள்ளை அதை உள்ளுக்குள்ளேயே எதிரொளித்து எல்லா ஜன்னலுக்கும் பரப்பும். தளமும் சுவரும் சேரும் மூட்டுகளில்தான் ஒளி கசியும். பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் எபாக்சி புட்டியை விரலால் அழுத்தி, மேலே கறுப்பு தடவினால் நிற்கிறது. இந்தச் சோதனையை வெளிப்புறப் பெயிண்டுக்கு முன்பே, இருட்டறையில் செய்துவிட வேண்டும். பெயிண்ட் அடித்த பிறகு கண்ணில் படும் கசிவுக்கு மருந்தில்லை.

வட்ட ஜன்னல்கள் பெரிய தலைவலி. கையால் திருகும் சின்ன டிரில்லில் 0.7 மில்லிமீட்டர் ஊசி போட்டு ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டும். ஊசி உடையும், உடைந்துகொண்டே இருக்கும். ஆனால் எல்லா ஜன்னலையும் துளைத்து எரியவிட்டால் கப்பல், கல்யாண மண்டபத்தில் தொங்கும் சீரியல் செட் போலாகிவிடும். இரவு பதினொன்றரைக்கு பாதிப் பேர் விளக்கணைத்துத் தூங்கியிருப்பார்கள் அல்லவா? அங்கங்கே சில ஜன்னல்களை உட்பக்கம் கறுப்பால் அடைத்த பிறகுதான் அதில் மனிதர்கள் இருப்பதாகத் தோன்றியது.

கப்பலின் முன்பகுதியில் ஒரு விளக்குகூட வைக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் "முன்னாடி ஒயர் கட் ஆயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். 1912 ஏப்ரல் 14 இரவு, முன்தளத்து ஹாட்ச் (தளத்தில் உள்ள திறப்பு) வழியே வெளிச்சம் கசிந்தது. பனிப்பாறைகள் பக்கத்தில் இருப்பதால், மாலுமிகள் கப்பலை ஓட்டும் பிரிட்ஜுக்கு முன்னால் எல்லாம் இருட்டாக இருக்க வேண்டும் என்று அதிகாரி மர்டாக் அந்த ஹாட்ச்சை மூடச் சொன்னார். கப்பல் விளக்குகளைக் கவனித்த ஹெம்மிங் பின்னால் விசாரணையில் சொன்ன தகவல் இது. கடலைப் பார்க்க வேண்டும் என்பதால் அந்த பிரிட்ஜும் இருட்டாகத்தான் இருக்கும். அந்த இருட்டு என் மாடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

சென்னை ரிச்சி தெருவில் எல்இடி வாங்கப் போனபோது கடைக்காரர், "கூல் ஒயிட் எடுங்க சார், அதான் பளிச்சுன்னு இருக்கும்" என்றார். பளிச்சென்று இருக்கக் கூடாது என்பதுதான் பிரச்சினை. அசல் கப்பலில் 400 கிலோவாட் ஜெனரேட்டர்கள் நான்கு, 100 வோல்ட் டிசி, எல்லாமே இழை பல்புகள். மஞ்சள் சாயும் வார்ம் ஒயிட் தவிர வேறெதுவும் ஒட்டாது. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட். மூன்றை வரிசையாகக் கோத்தால் 9. 12 வோல்ட் அடாப்டரில் மிச்சம் 3. மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் 150 ஓமில் போட்டால் முழு 20 மில்லி ஆம்பியர் ஓடும், ஜன்னல்கள் கண்ணைக் குத்தும். 1 கிலோ ஓம் போட்டேன், 3 மில்லி ஆம்பியர்தான். வெளிச்சம் அடங்கி வந்தது, சூடும் இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு எல்இடிகூட அணையாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மேல்தளத்துக்கு மட்டும் சோம்பலில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினேன். அதன் பின்பக்கத்து டேப் முதல் மே மாத வெயிலிலேயே விட்டுவிட்டது. தளத்தைக் காந்தம் வைத்துக் கழற்றும்படி செய்திருந்ததால் தப்பித்தேன். எபாக்சி வைத்து ஒட்டியது இன்றுவரை அசையவில்லை. விளக்கு வைத்த மாடலை முழுக்க மூடி ஒட்டாதீர்கள்.

இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை விளக்குகளுக்கு 0.5 மில்லிமீட்டர் பைபர் ஆப்டிக், அதாவது ஒளியைக் கடத்தும் மெல்லிய இழை. நுனியைச் சூட்டின் அருகே காட்டினால் சின்ன மொட்டாகும். அதன் மேல் ஒளி ஊடுருவும் பெயிண்ட்டான கிளியர் ரெட், கிளியர் கிரீன் ஒரு சொட்டு. பைபரை சூப்பர் குளூவால் ஒட்டினால் முறுகி உடையும், வெள்ளை பெவிகால் போதும்.

பினிஷிங்குக்கு வருவோம். இவ்வளவு சின்ன அளவில் சுத்தக் கறுப்பு அடித்தால் மாடல் பொம்மையாகத் தெரியும், அதனால் ஹல்லுக்கு, அதாவது கப்பலின் அடி உடலுக்கு, தமியாவின் நேட்டோ பிளாக். பார்த்தால் அடர் சாம்பல், அலமாரியில் வைத்தால் கறுப்பு. புகைபோக்கியின் அந்த மஞ்சள்பழுப்பு எது என்று மாடல்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். கலர் போட்டோ கிடையாதே. சண்டையில் கலந்துகொள்ளாமல் நானே கலந்து அடித்துக்கொண்டேன்.

நம் ஊர் வெயிலில் ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்ட் தெளிக்கும் கருவி) பிடிப்பவர்களுக்கு ஒரு விஷயம். தமியா அக்ரிலிக் பெயிண்ட் ஊசி நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் கரைத்தால் மெதுவாகக் காய்கிறது, பரப்பும் வழவழப்பாக வருகிறது. நெடி அதிகம், நெடியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாமல் வேண்டாம். மலிவு ஏர்பிரஷ்ஷின் ரப்பர் வாஷரையும் இந்தத் தின்னர் தின்றுவிடும், டெப்லான் வாஷர் மாற்றிக்கொள்ளுங்கள். நவம்பர் மழையில், பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ் அடிக்கவே கூடாது. காற்றின் ஈரம் படிந்து கறுப்பு ஹல் முழுக்க வெளுத்துவிடும். வெயில் அடிக்கும் வரை காத்திருப்பதே நல்லது.

துருவும் அழுக்கும் பூசுவதுதான் பினிஷிங் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. போர்க்கப்பலுக்குச் சரி. சௌதாம்ப்டனிலிருந்து ஏப்ரல் 10 புறப்பட்டு 15 அதிகாலை மூழ்கிய கப்பலில் துரு எப்போது வழிந்தது? மரத்தளத்தின் பலகை இடுக்குகளில் மட்டும் ஆயில் பெயிண்ட்டை மிக நீர்த்து ஓடவிட்டேன். மூன்று புகைபோக்கிகளின் உச்சியில் லேசாகக் கரி. நான்காவது பெரும்பாலும் காற்றோட்டத்துக்கானது, அது சுத்தம்.

இப்போதைய நிலை: ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக நிரப்பிய யுவி ரெசின் (புற ஊதா ஒளியில் இறுகும் திரவம்) லேசாக மஞ்சளடித்திருக்கிறது, வார்ம் ஒயிட்டுக்கு அது நல்லதாகவே போயிற்று. பித்தளை ரெயிலிங் இரண்டு இடத்தில் பெயர்ந்தது, மறுபடி ஒட்டினேன். தூசி படாமல் மாடலை மூடிவைக்கும் அக்ரிலிக் மூடிக்குக் கொடுத்த பணம் கிட்டின் விலையைத் தாண்டிவிட்டது. வீட்டில் கேட்டார்கள்தான், அந்த ரெயிலிங்கில் ஒருமுறை தூசி துடைக்கச் சொன்னதும் கேள்வி நின்றது.