பாலே வழி வலுவூட்டும் வீட்டுப் பயிற்சி: பரதம் ஆடுபவரின் மதிப்பீடு

மும்பையில் பரதம் ஆடுபவர்களிடையே, நாட்டிய வகுப்புக்கு வெளியேயும் உடலை வலுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இப்போது பரவலாகியிருக்கிறது. வேலை, ரயில் பயணம், ஒத்திகை எல்லாம் முடிந்தபின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகத் தெம்பில்லாதவர்களில் பலர், பாலே நடனப் பயிற்சியைத் தழுவி அமைக்கப்பட்ட காணொளிப் பாடங்களை நாடுகிறார்கள். செம்பூரில் சிறுவர்களுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்து, அவ்வப்போது மேடையேறியும் வரும் நான் அப்படியொரு சந்தாச் சேவையை இந்த மழைக்காலம் முழுவதும் பயன்படுத்தினேன். இதே வார்ப்பில் பல சேவைகள் இருப்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகள் அவற்றில் பலவற்றுக்கும் பொருந்துவதாலும், பெயரைத் தவிர்க்கிறேன். மாதச் சந்தா, இந்த வட்டாரத்தில் ஒரு நாட்டிய வகுப்புக்குச் செலுத்தும் மாதக் கட்டணத்தில் பாதிகூட ஆகாது.

இவ்வகைப் பயிற்சியின் வேர் பாலே அரங்கில் இல்லை, லண்டனில் இருக்கிறது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நடனக் கலைஞர் லோட்டே பெர்க், 1959இல் அந்நகரின் மான்செஸ்டர் தெருவில் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில், பாலே மாணவர்கள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிச் செய்யும் அசைவுகளையும் மறுவாழ்வு உடற்பயிற்சிகளையும் இணைத்துக் கற்பித்தார். அங்கே வந்தவர்களில் பெரும்பாலானோர் நடனக் கலைஞர்கள் அல்லர். ஆகவே, ‘நடனக் கலைஞர்களுக்காகவே உருவானது’ என்ற விளம்பர வாசகத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மறுபுறம், பாலே என்றாலே முகம் சுளிக்கும் நம் பெரியவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திரா என்ற கலைப்பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலே, ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர்தான்.

சேவையின் பாடங்கள் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுகின்றன. நின்று செய்யும் பகுதி, தரையில் படுத்துச் செய்யும் பகுதி, ரப்பர் பட்டையுடன் செய்யும் பகுதி என்று ஒவ்வொன்றும் மாறி மாறி வருகிறது. இவற்றில் பரதம் ஆடுபவருக்கு மிகுந்த பயன் தருவது, தொடையை இடுப்பிலிருந்து வெளிப்புறமாகத் திருப்பும் தசைகளுக்கான பாடவரிசை. முழங்கால்களை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையான அரைமண்டியில் பாதங்கள் இரு பக்கமும் திரும்பியிருக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே கற்கிறோம். அந்தத் திருப்பம் எங்கிருந்து வரவேண்டும் என்பதை எல்லா வகுப்புகளிலும் விளக்குவதில்லை. பிட்டத்தின் பெரிய தசைக்கு அடியில் இருக்கும் ஆறு சிறிய தசைகள் தொடை எலும்பைத் திருப்புகின்றன. அவை வலுவற்றிருக்கும்போது மாணவி பாதத்தை மட்டும் வெளியே தள்ளிவிட்டு முழங்காலை முன்னோக்கியே விட்டுவிடுகிறாள். மடங்கிய முழங்காலில் கணுக்கால் ஒரு திசையிலும் தொடை இன்னொரு திசையிலும் இழுபட, மூட்டு முறுக்கப்படுகிறது. உள்ளங்கால் வளைவும் சரிகிறது. ‘முட்டி வலிக்கிறது, அக்கா’ என்று வரும் பெண்களில் பலரிடம் நான் காண்பது இந்த அமைப்பையே.

இந்தப் பாடவரிசையின் ஆசிரியை, ஓய்வு பெற்ற பாலே கலைஞர், ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் உயர்த்தும் பயிற்சியில் தொடங்குகிறார். பிறகு அதே திருப்பத்தை நின்ற நிலையிலும், இறுதியில் ப்ளியே எனப்படும் முழங்கால் மடக்கத்திலும் கொண்டுவருகிறார். ஒவ்வொரு படியிலும் முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேராகச் செல்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். இடுப்பு மூட்டின் எலும்பமைப்பு ஆளுக்கு ஆள் மாறுபடும் என்றும், எந்தப் பயிற்சியாலும் எலும்பின் எல்லையைத் தாண்ட முடியாது என்றும் அவர் வெளிப்படையாகச் சொல்வது பாராட்டத்தக்கது. அரங்கேற்றத்துக்கு நாள் குறித்துவிட்டு, மாணவியின் பாதங்களை நேர்கோட்டுக்குக் கொண்டுவர வற்புறுத்தும் ஆசிரியர்கள் இந்த ஒரு பாடத்தையாவது பார்ப்பது நல்லது.

அடுத்ததாகக் குறிப்பிட வேண்டியது ரெலெவே, அதாவது குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்கும் பயிற்சி. குதித்துமெட்டு அடவில் (அடவு என்பது பரதத்தின் அடிப்படை அசைவு) முன்பாதத்தில் எழும்பி, உடனே குதிகாலைத் தட்டுகிறோம். கெண்டைக்கால் தளர்ந்தவருக்கு மூன்றாம் காலத்தில், அதாவது மிக விரைவான வேகத்தில், அந்த எழும்பல் காணாமலே போய்விடும். ஒற்றைக்காலில் நின்று குதிகாலை 25 முறை உயர்த்துவதை இயன்முறை மருத்துவத்தில் வழக்கமான அளவுகோலாகக் கொள்வதுண்டு. என் மூத்த மாணவிகளைச் செய்யச் சொன்னபோது, நன்றாக ஆடுபவர்கள்கூட இடக்காலில் திணறினார்கள். இந்தச் சேவையில் இரு கால் உயர்த்தலிலிருந்து ஒற்றைக்கால் உயர்த்தலுக்கும், பின்னர் படியின் விளிம்பில் நின்று செய்வதற்கும் ஒழுங்காக அழைத்துச் செல்கிறார்கள்.

இனி, எதிர்பார்ப்புக்குக் குறைவான பகுதிகள். நிலையை மாற்றாமல் அங்குல அளவில் மேலும் கீழும் அசையும் பயிற்சிகள் பாடங்களின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. தொடை எரிகிறது, ஆசிரியை அந்த எரிச்சலையே வலிமையின் அடையாளமாகக் கொண்டாடுகிறார். எரிச்சல் தசை களைத்ததைக் காட்டும். வலிமை கூடுவதற்குச் சுமை படிப்படியாக ஏற வேண்டும். இங்கே சுமை சிறிய ரப்பர் பட்டையோடு நின்றுவிடுவதால், தொடக்கத்தில் கிடைக்கும் முன்னேற்றம் சில வாரங்களில் தேங்கிவிடுகிறது. வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படி முழுக்க அரைமண்டியில் நிலைத்திருக்க வேண்டியவருக்கு இந்த அசைவுகள் முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். ஒரே கோணத்தில் நிலைத்துச் செய்யும் பயிற்சி, அந்தக் கோணத்தை ஒட்டியே அதிக வலிமை தரும் என்பதால், காணொளியில் குதிகாலை உயர்த்தச் சொல்லும் இடங்களில் நான் குதிகாலைத் தரையில் பதித்து, அரைமண்டியின் ஆழத்திலேயே நின்றேன். தாங்கும் திறன் கூடியது. ஆனால் அதற்கு மேல் வலிமை வேண்டுமென்றால், கையில் எடை தாங்கி உட்கார்ந்து எழுவதும், எடையைத் தரையிலிருந்து தூக்குவதும் தனியாகத் தேவை. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதில் ஒன்றை இந்தப் பாடங்களுக்கும் மற்றதை எடைகளுக்கும் ஒதுக்குவது என் வழக்கமாகிவிட்டது.

‘நீண்டு மெலிந்த தசைகள்’ கிடைக்கும் என்ற உறுதிமொழியும் அடிக்கடி ஒலிக்கிறது. தசை எந்த எலும்பில் தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது என்பது பிறவியிலேயே அமைந்தது. பயிற்சியால் ஒருவரின் தொடை நீளமாகிவிடாது. எடை தூக்கினால் உடல் பருத்துவிடுமோ என்று ஏற்கெனவே அஞ்சும் இளம் பெண்களிடம் இந்தப் பேச்சு அந்த அச்சத்தையே வளர்க்கிறது.

பரதத்துக்கே உரிய இரண்டு இடங்களில் கவனம் தேவை. பல பாடங்களில் இடுப்பெலும்பை உள்நோக்கிச் சுருட்டி நிற்கச் சொல்கிறார்கள். அதே பழக்கத்தோடு அரைமண்டியில் உட்கார்ந்தால் கீழ்முதுகு வட்டமாகி, அங்கசுத்தம், அதாவது உடல் நிலைகளின் துல்லியம், கெடும். அந்த இடங்களில் முதுகை இயல்பான நேர்நிலையில் வைத்துக்கொள்வதே சரி. மற்றொன்று, தட்டுதல். பாலேயில் குதித்து இறங்கும்போது முன்பாதம் முதலில் தரையைத் தொட்டு, முழங்கால் மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்கிறது. தட்டடவிலோ வெறும் பாதம் முழுவதும், நாட்டடவிலோ குதிகால், நேராகத் தரையில் மோதுகிறது. அந்த மோதலுக்கு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பைத் தயார்படுத்தும் எதுவும் இந்தப் பாடங்களில் இல்லை. தட்டலின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டும் நிதானமான அடவுப் பயிற்சிதான் அதற்கு வழி. நீண்ட விடுமுறைக்குப் பின் நேரே முழு உருப்படிக்குத் திரும்புபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மும்பை வீடுகளுக்கு இந்தச் சேவை ஓரளவு பொருந்துகிறது. இரண்டு ஆள் படுக்கும் இடம் இருந்தால் போதும். குதிக்கும் பாடங்கள் குறைவு என்பதால் கீழ்த்தளத்தார் கதவைத் தட்டவும் வாய்ப்பில்லை. கைப்பிடிக்குச் சமையல் மேடையைப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அது இடுப்புக்குக் கீழே இருப்பதால் உடல் முன்னே சாய்கிறது, அதைவிட உயரமான முதுகுள்ள கனமான நாற்காலி நல்லது. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். வழவழப்பான டைல்ஸ் தரையில் காலுறையோடு செய்யச் சொல்லும் பாடங்களை வெறுங்காலோடு செய்யுங்கள். மழைக்காலத்தில் பயிற்சி விரிப்பு உலர்வதே இல்லை என்பது தனித் தொல்லை. பருத்தி ஜமக்காளம் வசதியாக இருந்தது, ஆனால் டைல்ஸில் வழுக்குமாதலால் படுத்துச் செய்யும் பகுதிக்கு மட்டும்.

விளக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. திரையில் எழுத்து வரிகள் வருவதால் பின்தொடரலாம். நேரலையில் யாரும் நம் நிலையைப் பார்த்துத் திருத்துவதில்லை என்பதால், அடவுகளே இன்னும் படியாத தொடக்க நிலை மாணவிகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முட்டியிலோ இடுப்பிலோ தொடர்ந்து வலி இருப்பவர்கள் முதலில் இயன்முறை மருத்துவரைப் பார்க்கட்டும். இடுப்புத் திருப்பப் பாடவரிசையும் கெண்டைக்கால் பாடவரிசையும் சில மாதங்களில் மனப்பாடமாகிவிடும் என்பதால், ஆண்டுச் சந்தா எடுக்க வேண்டிய தேவையில்லை. மாதச் சந்தாவும் தானாகவே புதுப்பிக்கப்படுகிறது. ரத்து செய்யும் பொத்தான் கணக்குப் பக்கத்தின் அடியில், எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.