சீல் மட்டுமா, கிளட்சும் சேர்த்தா? ஒழுகிய பழைய டாப் லோடு மெஷினும் என் கணக்கும்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் 2004-இல் வாங்கியது. டாப் லோடு, பெல்ட்டில் ஓடும் பழைய ரகம். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். துணிக்கு போர் உப்புத் தண்ணி. இருபது வருஷமாக அந்த உப்பைக் குடித்த மெஷின் ஒருநாள் அடியில் ஒழுக ஆரம்பித்தது.

மூன்று வழி இருந்தது. டப்புக்கு அடியில் தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை மட்டும் மாற்றுவது, சீலோடு கிளட்ச் செட்டையும் (டிரம்மைச் சுற்றும் ஷாஃப்ட்டும் பேரிங்கும் சேர்ந்த பாகம்) மாற்றுவது, எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதிது எடுப்பது. நான் முதல் வழியில் போய்க் காசை விட்டு, பிறகு இரண்டாவதுக்கு வந்தவன். அதனால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வெளியே எம்-சீல் அப்பி அடைப்பது நான்காவது வழி என்பார்கள். விரிசலுக்கு வேண்டுமானால் சரி, சுற்றுகிற ஷாஃப்ட் ஓரத்தில் அது ஒட்டாது.

செலவு செய்வதற்கு முன் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டப்பில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். ட்ரெயின் ஹோஸ் வழியாகச் சொட்டினால் ட்ரெயின் வால்வில் ஊக்கோ ரவிக்கை ஹூக்கோ மாட்டியிருக்கும். கழற்றிக் கழுவினால் போதும். நடுவில், கிளட்ச் இருக்கும் இடத்தில் தாள் நனைந்தால் சீல். அந்த நனைவின் நிறத்தையும் பார்க்க வேண்டும். தெளிந்த தண்ணீர் என்றால் சீல் இப்போதுதான் விட ஆரம்பித்திருக்கிறது. செம்பழுப்பாக, கிரீஸ் பிசுக்கோடு இருந்தால் தண்ணீர் ஏற்கெனவே பேரிங்குக்குள் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டுத் தாளில் இருந்தது காப்பிக் கறை மாதிரி. அதன் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை சீல் மட்டும் போட்டோம். சீல் 180 ரூபாய், கூலி 700. ஏழு மாதத்தில் மறுபடி அதே கறை. இரண்டாவதாக வந்த மெக்கானிக் டிரம்மைத் தூக்கி வைத்துவிட்டு, ஷாஃப்ட்டை விரல் நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். சீலின் ரப்பர் உதடு உட்காரும் இடத்தில் நகம் தட்டியது. "வரி விழுந்துருச்சுங்க சார். இதுல எத்தனை புது சீல் போட்டாலும் உக்காராதுங்க" என்றார்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த வரிதான். சீல் என்பது பாதி வேலை. அது உரசும் ஷாஃப்ட் வழுவழுப்பாக இருந்தால்தான் மீதிப் பாதி. உப்புத் தண்ணியில் சுண்ணாம்பு படிந்து, சீலின் உதட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கும். பழைய ரப்பர் கிழியும்போது ஷாஃப்ட்டும் பள்ளமாகியிருக்கும். அந்தப் பள்ளத்தில் புது ரப்பர் சீக்கிரமே தேய்ந்துவிடும். இது போதாதென்று, இந்த ரக மெஷினில் ஷாஃப்ட்டுக்குள் இன்னொரு ஷாஃப்ட். உள்ளே இருப்பது துவைக்கும்போது பல்சேட்டரை, அதாவது டிரம்முக்குள் அடியில் துணியைச் சுழற்றும் தட்டைச் சுற்றும், வெளியே குழாய் மாதிரி இருப்பது ஸ்பின்னில் டிரம்மைச் சுற்றும். இரண்டுக்கும் நடுவிலும் ஒரு சின்ன சீல் உண்டு. எங்களுடையதில் அது கிளட்சோடு சேர்ந்துதான் வருகிறது. டப் சீலை மட்டும் மாற்றினால் அது பழையதாகவே இருக்கும்.

இது பம்பு செட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால், ஷாஃப்ட்டை லேத் பட்டறையில் கொடுத்து, வரி விழுந்த இடத்துக்கு மேல் ஸ்லீவ் (உலோக உறை) போடலாமே என்று என் மச்சான் சொன்னார். செய்து தருவார்கள்தான். ஆனால் உள் சீலும் தண்ணீர் குடித்த பேரிங்கும் அப்படியே இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் கூலி. டிரம்மைப் பிடித்திருக்கும் பெரிய நட்டு உப்பில் இறுகிப்போய், துரு எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் சுத்தியலால் ஸ்பேனரைத் தட்டித்தான் கழன்றது. வேலையில் முக்கால்வாசி அதுதான். அவ்வளவு பாடுபட்டு உள்ளே போய்விட்டு, 180 ரூபாய்ச் சாமானை மட்டும் மாற்றி மூடுவது எனக்கு ஒப்பவில்லை. (டிரம்முக்கு அடியில் இரண்டு 25 காசு கிடைத்தது. 2011-இல் செல்லாமல் போன காசு. அப்படியென்றால் எத்தனை வருஷமாக உள்ளே கிடந்திருக்கும்!)

கிளட்ச் செட் சீலோடு சேர்த்து 2,400, கூலி 900. கம்பெனிப் பெட்டியில் வந்தது இல்லை, பொருந்துகிற வெளிச் சாமான். வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். ஷாஃப்ட் நீளம், பல்சேட்டர் மாட்டும் இடத்தில் பல் எண்ணிக்கை, போல்ட் துளைகள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மாடல் நம்பரை மட்டும் சொல்லி வாங்கிய முதல் கிளட்சில் ஒரு பல் கூடுதல். திருப்பிக் கொடுக்க இன்னொரு நடை.

புது மெஷினைப் பற்றி நான் பேசக் கொஞ்சமே இருக்கிறது, வாங்கவில்லை அல்லவா. கடையில் 6.5 கிலோவுக்கு 16,000 சொன்னார்கள், பழையதற்கு 1,000 கழிப்பதாக. சத்தம் நிச்சயம் குறைவு. ஆனால் வாசலில் வருவது அதே உப்புத் தண்ணிதானே, அங்கேயும் சீல் ரப்பர்தானே என்ற எண்ணம் என்னைப் பிடித்து இழுத்தது. நல்ல தண்ணீர் வருகிற வீடாக இருந்து, கசிவைத் தொடக்கத்திலேயே பார்த்து, நகத்துக்கு வரி தட்டாமல் இருந்தால் சீல் மட்டும் போட்டே ஓட்டலாம் என்று தோன்றுகிறது. என் அனுபவம் உப்புத் தண்ணி வீட்டோடு முடிகிறது. வெளி டப்பே வெடித்திருந்தால் பேச்சே வேண்டாம், எக்ஸ்சேஞ்ச்தான். இவ்வளவு பழைய மாடலுக்கு நான் விசாரித்த மூன்று கடையிலும் டப் இல்லை.

கிளட்ச் மாற்றிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஸ்பின்னில் வந்த விமான இரைச்சல் போய்விட்டது, தாளும் காய்ந்தே இருக்கிறது. ஐந்து வருஷம் தாங்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். போன வாரம் மெஷினைச் சாய்த்துக் கூட்டியபோது அடித்தகட்டின் ஓரம் கையோடு உதிர்ந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.