பழைய பரிசலுக்கு எனாமலா, எபாக்சியா?

பவானிசாகர் அணையில் மீன்பிடிக்கும் பங்காளி ஒருவர் தன் பழைய ஃபைபர் பரிசலுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பதா, எபாக்சி பெயிண்ட் அடிப்பதா என்று குழம்பினார்.

விலை: எனாமல் மலிவு, வீட்டு இரும்புக் கதவுக்கு அடிப்பதேதான். எபாக்சி கையைக் கடிக்கும்.

வேலை: எனாமலை டர்பன்டைன் கலந்து வாசலிலேயே அடித்துவிடலாம். எபாக்சி இரண்டு டப்பாவாக வரும், இரண்டையும் கலந்துதான் அடிக்க வேண்டும். கலந்தால் உடனே தீர்க்க வேண்டும். கலந்ததை வெயிலில் வைத்துவிட்டு நான் சந்தைக்குப் போய் வந்தேன். அரை டப்பா கல்லாகி, பிரஷ்ஷையும் விழுங்கியிருந்தது.

எவ்வளவு நாள் உழைக்கும்: இரவுபகல் தண்ணீரில் கிடந்தால் எனாமல் கொப்புளம் கட்டித் தோல்தோலாக உரியும். எபாக்சி தண்ணீருக்கு அசையாது. வெயிலில்தான் வெளுத்து, தொட்டால் விரலில் மாவாக ஒட்டும்.

பழைய எனாமலை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்தெடுக்காமல் எபாக்சி அடித்தால், அடியிலிருக்கும் எனாமல் சுருங்கி எழும்பும்.

மாலையில் கரையேற்றிக் கவிழ்க்கும் பரிசலுக்கு எனாமல் போதும். தண்ணீரிலேயே கட்டிப்போடும் படகென்றால் அடிப்பாகத்துக்கு எபாக்சிதான். பங்காளிக்கு எனாமலே வாங்கினோம்.