மெனு பட்டனை மாற்ற 12,000 ரூபாயா? அக்சஸ் வைத்திருக்கும் கடைக்காரர்கள் கவனியுங்கள்

மதுரை கீழமாசி வீதியில் அண்ணன் மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறார். பில், இருப்பு, பாக்கி எல்லாம் மைக்ரோசாப்ட் அக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில்தான். திறந்ததும் மெனு வரும், பட்டனைத் தட்டினால் வேண்டியது திறக்கும். ஜிஎஸ்டி ரிப்போர்ட்டைச் சரிசெய்ய ஒரு சர்வீஸ்காரர் வந்துபோன பிறகு, ‘இருப்புப் பட்டியல்’ பட்டன் மட்டும் பிழைச் செய்தி காட்டியது.

“மெனு கோடு கெட்டுப்போச்சு அண்ணாச்சி, முழுசா திரும்ப எழுதணும், 12,000 ஆகும்” என்றார் அந்தச் சர்வீஸ்காரர். அண்ணன் 6,000 முன்பணம் கொடுத்தார். மறுநாள் பட்டன் வேலை செய்தது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பட்டன் கெட்டிருந்தபோது எடுத்த பேக்கப்பை ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே திறந்தேன். மெனு வராமல் டேபிள்கள் தெரிந்தன. அவர் கொடுத்த ஃபைலில் அந்த வழியை அடைத்திருந்தார். சரி என்று காலி டேட்டாபேஸ் ஒன்றைத் திறந்து, அதற்குள் அவர் ஃபைலின் டேபிள்களை இம்போர்ட் செய்தேன். ‘ஸ்விட்ச்போர்டு ஐட்டம்ஸ்’ என்ற டேபிளில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வரி. ஐட்டம்டெக்ஸ்ட் என்பது பட்டனின் பெயர். கமாண்ட் 3 என்றால் ஃபார்ம், 4 என்றால் ரிப்போர்ட். எதைத் திறக்க வேண்டும் என்பது ஆர்க்யுமென்ட் என்ற கட்டத்தில் இருக்கும். இரண்டு ஃபைலையும் ஒப்பிட்டால் மாறியிருந்தது ஒரே கட்டம்: ‘ஸ்டாக்லிஸ்ட்’ என்பது ‘ஸ்டாக்லிஸ்ட்_நியூ’ ஆகியிருந்தது. ஜிஎஸ்டி வேலைக்கு வந்தபோது ரிப்போர்ட்டின் பெயரை மாற்றியவரே அவர்தான். பெயரை மாற்றினால் இந்த டேபிள் தானாக மாறாது. அரை நிமிட வேலைக்கு இந்தத் தொகை! வெயிலில் மூட்டை இறக்கிச் சம்பாதித்த காசு என்பதால் வயிறு எரிகிறது.

நீங்களே திருத்துவதானால் முதலில் ஃபைலைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஐட்டம்நம்பர் 0 என்ற வரி மெனுவின் தலைப்பு, அதை அழிக்காதீர்கள். ஒரு பக்கத்தில் எட்டு பட்டன்தான். 2010 பதிப்பில் வந்த நேவிகேஷன் ஃபார்ம் என்ற வேறு வகை மெனுவில் இந்த டேபிள் இருக்காது. அங்கே டிசைன் வியூவில் பட்டனின் ‘நேவிகேஷன் டார்கெட் நேம்’ என்பதைப் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஏசிசிடிஇ (.accde) என்ற பூட்டிய ஃபைலை மட்டும் கொடுத்துவிட்டு சர்வீஸ்காரரைப் போக விடாதீர்கள். அதில் ஃபார்மையும் ரிப்போர்ட்டையும் திருத்தவே முடியாது, காலம் முழுக்க அவர் கையில்தான் நிற்க வேண்டும். ஏசிசிடிபி (.accdb) மூல ஃபைலை வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து எங்கள் சர்வீஸ்காரர் போனை எடுப்பதில்லை. மீதி 6,000ஐ அண்ணன் கொடுக்கப்போவதும் இல்லை.