இன்னர் வீல் சங்கத்தின் மாதக் கூட்டம்: சிறப்புரை, டிபன், தம்போலா எப்படி?

ரோட்டரி சங்கம் இருக்கும் ஊர்களில் பெரும்பாலும் பெண்களுக்கான இன்னர் வீல் சங்கமும் இருக்கும். மாதம் ஒரு கூட்டம், அதில் ஒரு சிறப்பு விருந்தினர் உரை, பிறகு டிபன், காபி, நேரம் இருந்தால் எண்களைச் சொல்லிச் சொல்லிச் சீட்டில் அடிக்கும் தம்போலா ஆட்டம். தமிழ்நாட்டு ஊர்களில் பொதுவாக இதுதான் நடைமுறை. சந்தா கட்டிச் சேர்கிற ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். சேவைத் திட்டங்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பலர் தயங்கும் விஷயத்தை முதலில் சொல்லிவிடலாம். கணவர் ரோட்டரியில் இல்லாவிட்டாலும் சேரலாம். 1923 நவம்பரில் மான்செஸ்டர் நகரில் மார்கரெட் கோல்டிங் என்ற முன்னாள் செவிலியர், ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியரைக் கூட்டினார். குறைந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்காததால் ஒரு துருக்கியக் குளியலகத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. 1924 ஜனவரி 10 அன்று சங்கம் முறைப்படி தொடங்கியது. அந்த நாளைத்தான் இன்றும் இன்னர் வீல் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நெடுங்காலம் ரோட்டரி குடும்பத்துப் பெண்களுக்கு மட்டும் என்றிருந்த விதி 2012இல் தளர்ந்தது. இப்போது சங்க உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டு அழைத்தால் மற்றப் பெண்களும் சேரலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சங்கத்தின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. பொதுவாக ஆண்டுக்கு ஒரு தலைவி. அதனால் போன வருடம் தோழி சொன்ன நல்ல பெயரை நம்பி இந்த வருடம் சேரக் கூடாது. பேச்சாளரைப் பிடிப்பது, நேரத்தைக் காப்பது, டிபன் சொல்வது எல்லாம் அந்தந்த வருடத் தலைவி, செயலாளர் இருவரின் கையில் இருக்கிறது.

கூட்டம் நன்றாக இருக்குமா என்பதை அழைப்பிதழைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சிறப்புரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். குத்துவிளக்கு, இன்னர் வீல் பிரார்த்தனை, வரவேற்புரை, செயலாளர் அறிக்கை, பொருளாளர் கணக்கு, பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்து, பொன்னாடைகள், அதற்குப் பிறகு சிறப்புரை என்றிருந்தால், நான்கு மணிக்கு வந்த பேச்சாளர் கையில் மைக் சேரும்போது மணி ஐந்தைத் தாண்டிவிடும். பள்ளிவிட்டு வரும் பிள்ளை, மாமியாருக்கு மாத்திரை, சாயங்கால விளக்கு என்று ஒவ்வொருவராகக் கைப்பையைத் தேடத் தொடங்கும் நேரம் அது. நாற்பது நிமிடத்துக்குத் தயாரித்து வந்தவர் பதினைந்து நிமிடத்தில் முடிப்பார். வெட்டுப்படுவது எப்போதும் கேள்வி நேரம்தான். ஆனால் உறுப்பினர்களுக்கு மிகவும் பயன்படுவதும் அதுதான்.

பிரார்த்தனை, இரண்டு நிமிட வரவேற்பு, உடனே சிறப்புரை, அடுத்துக் கேள்விகள், பேச்சாளரை வழியனுப்பிவிட்டு அறிக்கையும் கணக்கும் என்று நடத்துகிற சங்கம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். சங்கத்தின் உள் கணக்கை உட்கார்ந்து கேட்க வேண்டிய அவசியம் விருந்தினருக்கு இல்லை. பேச்சாளரை அறிமுகப்படுத்தும்போது இரண்டு பக்க வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். என்ன படித்தார், எந்த வேலையில் இருக்கிறார், இன்று எதைப் பற்றிப் பேசுகிறார் என்ற மூன்று வரி போதும்.

உரைகளின் தரம் தலைப்பைப் பொறுத்து மாறுகிறது. எங்கள் மதிப்பீட்டில் முதலிடம் மகப்பேறு மருத்துவருக்கும் புற்றுநோய் அறுவை மருத்துவருக்கும். மார்பகச் சுயபரிசோதனையைப் படத்தில் காட்டுவதற்கும், சிலிக்கான் மாதிரியைக் கையில் கொடுத்துக் கட்டி எப்படித் தட்டுப்படும் என்று தொட்டுப் பார்க்க வைப்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மாதவிலக்கு தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பார்ப்பது நல்லது, அப்போதுதான் வீக்கமும் வலியும் குறைந்திருக்கும் என்ற சின்னத் தகவலை நேரில் கேட்டவர்கள் மறப்பதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி பற்றிய உரையும் அப்படித்தான். 9 முதல் 14 வயதுக்குள் என்றால் வழக்கமாக இரண்டு தவணை, 15 வயதிலிருந்து மூன்று தவணை என்று தெரிந்ததும் பேத்தியின் வயதைக் கணக்குப் போடுகிற பாட்டிகள் எல்லாச் சங்கத்திலும் உண்டு.

இந்த உரைகளில் கேள்வி கேட்க வெட்கம் தடுக்கிறது. நல்ல சங்கங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. உரைக்கு முன்பே எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டும் பென்சிலும் தருவார்கள். கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் சீட்டை மடித்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். கேள்வி இருப்பவர் மட்டும் போட்டால் யார் எழுந்து போனார் என்று தெரிந்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. சிறுநீர் கசிவு, மாதவிலக்கு நின்ற பிறகு வரும் ரத்தப்போக்கு, தாம்பத்திய வலி என்று மைக்கில் ஒருவரும் கேட்காதவை அந்த டப்பாவிலிருந்து வரும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்ற பதில் ஒன்றுக்காகவே அந்த மாதச் சந்தா தகும்.

வழக்கறிஞர் உரை இரண்டாமிடம். பொதுவாகச் ‘சட்டமும் பெண்களும்’ என்று தலைப்பு வைத்தால் காற்றில் போய்விடும். ‘அப்பா சொத்தில் மகளுக்குப் பங்கு’ என்று குறுக்கிக் கேட்டால் பலன் உண்டு. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. 2005 மத்தியத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை எடுத்தது. 2005இல் அப்பா உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்த மூன்று படிகளையும் வரிசையாகச் சொல்லி, உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறவர்தான் நல்ல பேச்சாளர். கேள்வி நேரத்தில் அவரவர் வீட்டு வழக்கை விரிக்கத் தொடங்கினால் தலைவி நயமாக நிறுத்த வேண்டும். அதற்குத் துணிவில்லாத தலைவியால் மற்றவர்களின் நேரம் வீணாகிறது.

சைபர் குற்றப் பிரிவுக் காவலர் பேசும் கூட்டத்தைத் தவற விடாதீர்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை, ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று சட்டத்தில் கிடையாது, பணம் போன உடனே 1930க்கு அழைத்தால் அது அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க வாய்ப்பு உண்டு என்ற மூன்றும் வீட்டில் தனியாக இருக்கும் மூத்த பெண்களைக் காப்பாற்றும். எண்ணை அங்கேயே எல்லோர் போனிலும் சேமிக்க வைக்கும் சங்கத்துக்குக் கூடுதல் மதிப்பெண்.

முதலீட்டு ஆலோசகர் என்று வருபவரிடம் கவனம் தேவை. உரை முடிந்ததும் படிவமும் பேனாவும் வெளியே வந்தால் அது விற்பனை. அழைக்கும்போதே ‘எந்த நிறுவனத்தின் திட்டத்தையும் பெயர் சொல்லிப் பேச வேண்டாம், அரங்கில் கையொப்பம் வாங்க வேண்டாம்’ என்று எழுத்தில் சொல்லிவிட்டால் பாதிப்பேர் வரமாட்டார்கள். வருகிறவர் உண்மையில் பேச வருகிறவர். இலவசப் பரிசோதனைக் கூப்பனோடு வரும் மருத்துவமனைகளுக்கும் இதே விதிதான். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைதட்டல் நிறைய, மறுநாள் கையில் ஒன்றும் நிற்பதில்லை.

சமையல் செய்முறைக் காட்சிக்குக் கூட்டம் சேரும். ஆனால் மின்சாரம் கவிழ்த்துவிடும். இன்டக்ஷன் அடுப்பு 2000 வாட் இழுக்கும். அரங்கின் சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 1,380 வாட்தான். ஃப்யூஸ் போய் மைக்கும் சேர்ந்து அணையும். 16 ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே பார்த்து, மேசையை அதன் அருகில் போட வேண்டும். பின்வரிசைக்கு வாணலிக்குள் நடப்பது தெரியாது. ஒரு போனை மேலிருந்து பிடித்துத் திரையில் காட்டினால் தீர்ந்தது.

மைக் இரைச்சல் எல்லாச் சங்கத்தின் பொதுத் தொல்லை. பேசுகிறவருக்குப் பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தால், அதன் சத்தம் மைக்கில் திரும்ப நுழைந்து கீச்சிடும். பெட்டியை மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் திருப்பி வைத்தால் போதும். கம்பியில்லா மைக்குக்குப் புது பேட்டரி போட வேண்டும். படங்களோடு வருகிற பேச்சாளரிடம் கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றிக் கேளுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், வேறு கணினியில் திறந்தால் குறியும் கோடுமாகத்தான் தெரியும். மாற்றிய பிடிஎஃப் எங்கே திறந்தாலும் அப்படியே நிற்கும்.

இனி டிபன். ஹோட்டல் அரங்கில் நடத்தினால் தலைக்கு இவ்வளவு என்று முடிந்துவிடும், சுவையும் சுமார்தான். உறுப்பினர்கள் பங்கிட்டுச் சமைத்து வரும் சங்கங்களில்தான் உண்மையான உபசரிப்பு. நாற்பது பேருக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊற வைத்தால் சுண்டல் சரியாக வரும். கேசரிக்கு 600 கிராம் ரவை தாராளம். ஒரு கிலோ போட்டால் பாதி திரும்ப வீட்டுக்குப் போகும். காபி ஒருவருக்கு 120 மில்லி என்று கணக்கிட்டால் ஏறத்தாழ ஐந்து லிட்டர். அதில் பால் மூன்றரை லிட்டர், மீதி டிகாக்ஷன். சர்க்கரையைத் தனியாக வையுங்கள், பாதிப்பேருக்கு வேண்டாம்.

போண்டாவைச் சூடாக ஹாட்பேக்கில் அடைத்துக் கொண்டுவருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆவி உள்ளேயே தங்கி மேல்தோல் நமுத்துப்போகும். மூங்கில் தட்டில் காகிதம் விரித்து, துணியால் மூடிக் கொண்டுவந்தால் மொறுமொறுப்பு நிற்கும். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி வெயில் காலத்தில் நான்கு மணிக்குள் புளிக்கத் தொடங்கும். அதற்குத் தக்காளித் தொக்கு பாதுகாப்பு.

டிபனை உரைக்கு முன்னால் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். தட்டும் கரண்டியும் பேச்சை விழுங்கிவிடும். மோர் அல்லது பானகம் மட்டும் முதலில் கொடுத்தால் வெயிலில் வந்தவர்களுக்கு இதமாக இருக்கும்.

தம்போலா பற்றி ஒரு வார்த்தை. முழு ஆட்டம் இருபது, இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். டிபனோடு சேர்த்து ஆடினால் எண்கள் காதில் விழாது, சண்டைதான் மிச்சம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முகம் தெரிந்த இருவர் பக்கத்திலேயே உட்காரும் பழக்கம் வந்துவிடும் என்பதால், சில சங்கங்கள் சீட்டின் நிறத்தை வைத்து மேசை பிரிக்கின்றன. மஞ்சள் சீட்டு ஒரு மேசை, பச்சை ஒரு மேசை. நட்பு வளர்ப்பதைத் தன் நோக்கங்களில் முதலாவதாக வைத்திருக்கும் சங்கத்துக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. எல்லாச் சங்கங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

சேரும் எண்ணம் இருந்தால் உறுப்பினர் ஒருவரின் விருந்தினராக முதலில் ஒரு கூட்டத்துக்குப் போங்கள். ஜூலையில் பதவியேற்பு விழா, எல்லாம் பட்டுச்சேலையும் மேடையுமாக இருக்கும். இன்னர் வீல் மாவட்டத் தலைவர் வருகை தரும் மாதத்தில் அறிக்கைகள்தான் நிரம்பியிருக்கும். இவை இரண்டும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். சந்தாவில் சங்கத்துக்கு எவ்வளவு, மாவட்டத்துக்கும் தேசிய, சர்வதேச அமைப்புகளுக்கும் எவ்வளவு, டிபன் செலவு அதில் அடக்கமா அல்லது மாதாமாதம் தனியா என்று பொருளாளரிடம் கேட்டுவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.