கோடையில் வந்த மினி காஸ்க்

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான். "நீ சொல்லிட்டே இருப்பியே, அந்த பிட்டர், அதோட மினி காஸ்க் எட்டு பவுண்டு குறைஞ்சிருக்கு. வாங்கலாமா? அப்புறம், அதுல மீன் போடுறாங்களாமே, நிஜமா?" பிட்டர் என்பது கசப்புத் தூக்கலான ஆங்கிலேய பீர்; மினி காஸ்க் என்பது அது வரும் சின்னப் பீப்பாய். அவன் சைவம். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. அதைப் போனில் சொல்லப் போய்க் கோபம் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பீர். ஷெஃபீல்டில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சின்ன ப்ரூவரி, அதாவது பீர் காய்ச்சும் இடம், ஒன்றின் சரக்கு. ஆல்கஹால் 3.8 சதவீதம். மாரிஸ் ஆட்டர் மால்ட் (முளைகட்டிய பார்லி), கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் ஃபகிள், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் வகைகள், எல்லாம் பழைய முறை. நாலு வருடத்துக்கு மேலாகக் குடிக்கிறேன். முதல் வாய் ஏமாற்றும்: பிஸ்கட், லேசான ஆரஞ்சுத்தோல், அவ்வளவுதானா என்று தோன்றும். விழுங்கிய பிறகுதான் கசப்பு எழுந்து வரும். பாகற்காய்க் கசப்பு இல்லை. வேப்பம்பூ ரசம் குடித்து முடித்ததும் அடிநாக்கில் நின்று அடுத்த கவளத்தைக் கேட்குமே, அந்தக் கசப்பு. ஷெஃபீல்டு தண்ணீர் மென்னீர். பீர் காய்ச்சுகிறவர் பீருக்குப் பேர்போன பர்ட்டன் ஊரின் கடின நீரைப் போல ஆக்க ஜிப்சம் என்ற தாது உப்பைச் சேர்க்கிறார். கசப்பு வாயில் பிசுபிசுக்காமல் சுத்தமாக முடிவது அதனால்தான்.

பப்பில் இது பீப்பாய்க்குள்ளேயே இரண்டாவது தடவை நொதித்து, 12 டிகிரி நிலவறையிலிருந்து கைப்பம்பில் ஏறி வருகிறது. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் நகத்தின் கோடு வரை தெரியும். அவ்வளவு தெளிவு.

இதே பீரை 5 லிட்டர் தகர மினி காஸ்க்கில், கிட்டத்தட்ட ஒன்பது பைன்ட், வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இதுவரை பதினொன்று வாங்கியிருக்கிறேன். மூன்று கலங்கல். மூன்றும் கோடையில் வந்தவை. முதலாவது, 2022 ஜூலையில் இங்கிலாந்தில் வெயில் முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டிய வாரத்தில் வந்தது. ஒன்றரை நாள் அசைக்காமல் வைத்திருந்தேன். மேல் அடைப்பைத் தளர்த்திக் காற்று விட்டு, குழாயைத் திறந்தேன். தேநீரில் கழுநீரை ஊற்றியது போல வந்தது. முதல் கிளாஸ்தானே, அடி மண்டியாக இருக்கும் என்று கொட்டினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். புளித்த மாவு வாடைக்குள் ஆரஞ்சுத்தோல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இங்கேதான் மீன் வருகிறது. பீப்பாயில் மிதக்கும் ஈஸ்ட்டைக் கீழே இறக்க ஐசிங்கிளாஸ் போடுகிறார்கள். மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுப்பது. ஈஸ்ட்டோடு ஒட்டிக் கட்டியாகி அடியில் உட்காரும். வண்டியில் குலுங்கினாலும் சில தடவை திரும்பப் படியும். ஆனால் சூடு ஆகாது. 20 டிகிரிக்கு மேல் போனால் கெடத் தொடங்கும். கெட்டுப்போனால் எத்தனை நாள் வைத்தாலும் பீர் தெளியாது. வெயிலில் நின்ற டெலிவரி வேனுக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

ப்ரூவரிக்கு எழுதிக் கேட்டேன். "இயற்கையான கலங்கல், குடிக்கலாம்" என்று பதில். இப்போது வேண்டுமென்றே கலங்கலாகவே விற்கும் ஐபிஏக்கள் (ஹாப்ஸ் தூக்கலான இன்னொரு பீர் வகை) நிறைய உண்டு, எனக்கு அவற்றோடு சண்டை இல்லை. இது அந்த வகை இல்லை என்பது பீர் காய்ச்சியவருக்கே தெரியும். எனக்கு எரிச்சல் அதில்தான். நான் மறுபடி கேட்காமலேயே பணத்தைத் திருப்பினார்கள், அதையும் சொல்ல வேண்டும். நாலைந்து பேர் நடத்தும் இடம். குளிர்வண்டி வைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மினி காஸ்க் அனுப்பாமல் இருக்கலாமே. லேபிளில் மீன் பற்றி ஒரு வரி போடலாமே. தெளியவைக்கப் பயன்படும் ஐசிங்கிளாஸை ஒவ்வாமைப் பட்டியலில் காட்ட வேண்டாம் என்று சட்டம் விலக்குத் தருகிறது, சரி. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக, என் நண்பனைப் போன்றவர்கள் தெரியாமல் குடிக்க வேண்டுமா?

மற்ற எட்டும் பப்பில் குடித்ததற்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஒரு டிசம்பரில் வந்தது பப்பை விடவே நன்றாக இருந்தது. சமையலறையின் பின்கதவோரம் குளிரில் வைத்து மூன்று நாளில் நாலு பேர் முடித்தோம். நான் குடித்த பிட்டர்களில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல முடியாது.

ஆனாலும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். விலை குறைந்திருப்பது ஜூலை மாதத்தில். மீன் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மீன் போடாமல் காய்ச்சும் பிட்டர் பக்கத்தில் எங்காவது கிடைக்குமா என்று கேட்டான். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.